பிலோமினாவிடம் கேட்டது

முதலில் அதைத் தோள்பட்டை நோவு என்றுதான் நினைத்தேன். வலது தோளின் மேற்புறத்தில், கழுத்து வந்து சேருகிற இடத்தில், யாரோ பெருவிரலை ஊன்றிப் பிடித்திருப்பது போல ஒரு நோவு. நான், மலர், பாடசாலையில் தையல் படிப்பிக்கிறவள். நாள் முழுக்கக் குனிந்து பிள்ளைகளின் தையலைப் பார்ப்பதால் வந்தது என்று எண்ணி, மச்சாள் ரோஸ் காய்ச்சித் தந்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போனேன். ரோஸ் என் கணவரின் தங்கை. ஓர்ஸ் ஹில் பகுதியில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள்.

நோவு குறையவில்லை. பின்னேரங்களில் காய்ச்சல் வரத் தொடங்கியது. முதலில் பல் கிடுகிடுக்கக் குளிரும். பிறகு சட்டை நனைய வேர்க்கும். விடிந்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். சீலை இடுப்பில் நிற்காமல் வழுவத் தொடங்கியபோதுதான் எவ்வளவு மெலிந்துவிட்டேன் என்று தெரிந்தது. அப்போதும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் என் கணவர்தான்.

அவர் பெயர் சாமுவேல். துறைமுகக் களஞ்சியத்தில் கணக்கு எழுதுகிற லிகிதர். நாங்கள் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர்கள். போதகர் வர முடியாத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்வது அவர்தான். நிறையப் பேசுகிற மனிதர் அல்ல. பிரசங்கத்தில்கூட ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன்பு அதைத் தூக்கி நிறுத்துப் பார்ப்பது போல நிற்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வாடகைக் காரின் பின்சீட்டில், என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் என் தோளைப் பார்க்கவே இல்லை. வலது விலாவில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு விரலால் அழுத்தினார். நான் கத்திவிட்டேன். அவர் தலையை ஆட்டி, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், இரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்குக் காட்டினார். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற ஒரு தசைத் திரை எல்லாருக்கும் உண்டாம். எனக்கு அந்தத் திரை வலது பக்கத்தில் மேலே தள்ளப்பட்டிருந்தது. தள்ளியது ஈரல். திரைக்குப் போகிற நரம்பும் தோளுக்குப் போகிற நரம்பும் கழுத்தில் ஒரே இடத்தில் இருந்து புறப்படுவதால், ஈரல் திரையை உரசும்போது அந்த நோவு தோளில் தெரியும் என்று விளக்கினார். முந்தின மழைக்காலத்தில் எனக்கு வயிற்றுளைவு வந்து போனது. அதைக் கொண்டுவந்த கிருமி குடலோடு நிற்காமல் ஈரலுக்கு ஏறி, அங்கே சதையைக் கரைத்துச் சீழாக்கி வைத்திருந்தது. அமீபா என்று அந்தக் கிருமிக்குப் பெயர். அந்தச் சீழ்க்கட்டி மருந்தில் வற்றினால் நல்லது; உள்ளே வெடித்து நெஞ்சுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ போனால் ஆபத்து என்றார். என் கணவர், “எவ்வளவு ஆபத்து?” என்று கேட்டார். டாக்டர் படத்தை உறைக்குள் போட்டுவிட்டு, “கட்டிலை விட்டு எழும்பக் கூடாது” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

எழும்பக் கூடாது என்றது கட்டிக்காக மட்டும் அல்ல. அந்தக் கிருமியைக் கொல்லுகிற ஊசி மருந்து இருதயத்தையும் களைக்க வைக்கும். அதனால் அந்த ஊசி போடுகிற நாட்களில் குளியலறைக்குக்கூட நடக்க விடமாட்டார்கள். மிஸ்ஸிமார், அதாவது தாதிமார், ஊசிக்கு முன்னும் பின்னும் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்கள். இப்படித்தான் நான் பெண்கள் வாட்டில் மல்லாந்து கிடக்கத் தொடங்கினேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் படுப்பதே இல்லை. முதுகுக்கு ஒரு மரச்சட்டமும் அதன்மேல் தலையணைகளுமாக இரவும் பகலும் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. நோய் வந்த வருத்தக்காரி ஏன் முகத்துக்குப் பூசிக்கொண்டு இருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் உதடு நீலமாக இருப்பதைக் கண்டேன். அவள் பெயர் பிலோமினா. துறைமுகத்துக்குக் கிட்ட, மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. கத்தோலிக்கப் பெண். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதயத்தின் ஒரு கதவைத் தழும்பாக்கிச் சுருக்கிவிட்டது. வாசல் சிறுத்ததால் இரத்தம் முன்னே போகமுடியாமல் பின்னால் தேங்கும். படுத்தால் சுவாசப்பையில் நீர் ஏறும். கொழும்பில் நெஞ்சைத் திறந்து அந்தக் கதவை விரித்துவிடுகிற வைத்தியம் இருந்தது. ஏறின நீர் வற்றினால் அங்கே அனுப்பலாம் என்று அவளை வைத்திருந்தார்கள்.

கலியாணம் பேசி வந்த இரண்டு இடங்கள் அவளுடைய இருதயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். சிரிப்பு முடிய இளைப்பு வரும். வாய் கொஞ்சம் நீளம்தான். மிஸ்ஸிமாரில் யார் யாரோடு கோபம், எதிர்க்கட்டில் கிண்ணியாக்காரிக்கு மருமகன் ஏன் சாப்பாடு கொண்டுவரவில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். அவர்கள் அர்ச்சியசிஷ்டர்கள் என்கிற புனிதர்களைப் பற்றியும் அதே மாதிரித்தான் கதைப்பாள். அந்தோனியார் காணாமற்போன சாமானைத் தேடித் தருவார், ஆனால் அவரிடம் ஆட்கள் கூட்டம் அதிகம். யூதா ததேயுவிடம் கூட்டம் குறைவு, கைவிட்ட கேசுகளை அவர்தான் எடுப்பார் என்று, அரசாங்கக் கச்சேரியில் எந்த ஐயாவிடம் போனால் காரியம் நடக்கும் என்று சொல்லுகிற தோரணையில் சொல்வாள். தலையணைக்குக் கீழே அந்தோனியாரின் சின்னப் படம் ஒன்று இருந்தது.

பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் என் கணவர் வேலையிலிருந்து நேராகச் சைக்கிளில் வருவார். ரோஸ் அரித்து வடித்த அரிசிக் கஞ்சி ஒரு போத்தலில் இருக்கும். அவரே ஊட்டிவிடுவார்; ஊட்டத் தெரியாது, நாடியில் வழியும், தன் கைலேஞ்சியால் துடைப்பார். பிறகு எழுந்து நின்று ஜெபம் செய்வார். சபையில் எனக்காக ஒரு விசேஷ ஜெபக்கூட்டம் வைத்திருந்தார்கள். யார் யார் வந்தார்கள், யார் ஜெபித்தார்கள் என்று சொல்வார். பிலோமினா தன் கட்டிலில் இருந்து அவருடைய ஜெபத்துக்கு ஆமென் சொல்வாள். அவள் தலையணைக்குக் கீழே இருந்த படத்தை அவர் ஒருநாள் பார்த்துவிட்டார். மறுநாள் எனக்குக் கொண்டுவந்த தோடம்பழத்தில் ஒன்றை அவளுக்கும் கொடுத்தார்.

அவளிடம் நான்தான் முதலில் கேட்டேன். ஆண்டவரிடம் நேராகப் போக வழி திறந்து கிடக்கும்போது நடுவில் ஏன் இத்தனை ஆட்கள் என்று. எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கேள்வி அது. கடவுளுக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கிறவர் இயேசு ஒருவரே; செத்தவர்களைக் கூப்பிடுவது அவரை அவமதிப்பது. இவ்வளவும் சொன்னேன். கட்டிலில் கிடக்கிறவளுக்கு வேறு வேலை இல்லைதானே.

பிலோமினாவுக்குக் கோபம் வரவில்லை. தாங்கள் அர்ச்சியசிஷ்டர்களைக் கும்பிடுவதில்லை, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்கிறோம், அவ்வளவுதான் என்றாள். தருகிறவர் சேசுநாதர்தான் என்றாள். அவர்கள் சேசு என்பார்கள், நாங்கள் இயேசு என்போம். ஒரே ஆள்தான். ஆனாலும் அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு யாரோ பிறத்தியாரைப் பற்றிச் சொல்வது போல இருக்கும்.

“நீர் ஏன் நேராக் கேக்கக் கூடாது?” என்று திரும்பவும் கேட்டேன்.

“நேராவும் கேக்கிறன் அக்கா. ஆனா தனியக் கேக்கப் பயமாக் கிடக்கு” என்றாள். கொஞ்சம் இளைத்துவிட்டு, “உங்கட அவர் மட்டும் என்னவாம்? தான் நேராக் கேட்டுப்போட்டுச் சும்மா இருக்கேல்லையே. கோயில் முழுக்கச் சேர்த்தெல்லோ கேக்கிறார்” என்றாள்.

அவர்கள் உயிரோடு இருக்கிறவர்கள் என்றேன். உயிரோடு இருப்பதைப் பற்றி அவளோடு தர்க்கம் பண்ணியிருக்கக் கூடாது என்று பிறகு பட்டது.

அடுத்த நாள் அவளே ஒரு யோசனை சொன்னாள். நான் அவளுக்காக ஜெபிப்பது. அவள் எனக்காகச் செபிப்பது. நான் ஒரு நிபந்தனை வைத்தேன்: எனக்காகக் கேட்கும்போது ஆண்டவரிடம் மட்டும்தான் கேட்க வேண்டும்.

“சரி, சேசுவிட்ட நேராச் சொல்லுறன்” என்றாள். “ஆனா அந்தோனியார் பக்கத்தில நிண்டா, காதைப் பொத்தும் எண்டு சொல்ல ஏலாது.”

அன்றிலிருந்து விளக்குப் போடுகிற நேரத்தில் நான் அவளுடைய இருதயக் கதவுக்காக ஜெபித்தேன். அவள் செபமாலை மணியை உருட்டிக்கொண்டு என் ஈரலுக்காகச் செபித்தாள். முடிந்ததும் ஒருவருக்கொருவர் “சொல்லியாச்சு” என்று அறிவிப்போம். வேடிக்கையாகத் தொடங்கிய பழக்கம்தான். ஆனால் அவளுக்காகக் கேட்டபிறகு என் பயம் கொஞ்சம் விலகி நிற்பதை நான் கவனித்தேன்.

மருந்து போதாது, சீழை வெளியே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு நீண்ட பருத்த ஊசியை ஈரல்வரைக்கும் விட்டு இழுப்பது. தோலை மரக்கச் செய்வார்கள், உள்ளே மரக்காது. ஊசி போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும், அசைந்தால் ஈரல் கிழியும். என் கட்டிலைச் சுற்றி மறைப்புத் துணிச்சட்டங்களை வைத்துச் செய்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் பிலோமினாவின் முணுமுணுப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வந்தது மஞ்சள் சீழ் அல்ல. பால் விடாத கொக்கோ போல மண்ணிறமாக இருந்தது. அந்தக் கிருமிக்கு அதுதான் அடையாளம் என்றார்கள். அன்றிரவு நான் வேர்க்காமல் தூங்கினேன். விடியப்புறம் முழிக்க, பிலோமினா உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவளுடைய கால் வீக்கமும் வற்றி வந்தது. கொழும்புக்கு அனுப்புகிற கதை நடந்தது. தாய் லூர்தம்மா, கணவரை இழந்தவள், ஒரே மகளுக்குப் பயணத்துக்கு இரண்டு புதுச் சட்டை தைத்துக்கொண்டு வந்து காட்டினாள். கை வைத்த தையல் சரியில்லை என்று நான் படுத்துக்கொண்டே திருத்தம் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மத்தியானம். பார்வையாளர் நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. பிலோமினா இருமினாள். வழக்கமான இருமல்தான் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கிண்ணியாக்காரி எழும்பி ஓடுவதைக் கண்டுதான் திரும்பினேன். பிலோமினாவின் வாயில் இளஞ்சிவப்பு நுரை. கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மிஸ்ஸிமார் வந்தார்கள், டாக்டர் வந்தார், மறைப்பு வைத்தார்கள். எனக்கு எழும்ப அனுமதி இல்லை. கையை நீட்டினால் எட்டுகிற தூரம். துணிக்குக் கீழே கால்கள் ஓடித் திரிவது தெரிந்தது. பிறகு அந்தக் கால்கள் எல்லாம் அவசரமில்லாமல் ஆறுதலாக நடக்கத் தொடங்கின. அப்போது எனக்கு விளங்கிவிட்டது.

மணி அடித்துப் பார்வையாளர்களை விட்டார்கள். லூர்தம்மா சாப்பாட்டுக் கரியருடன் முதல் ஆளாக வந்தாள். மறைப்பைக் கண்டு, எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து என் பக்கம் பார்த்தாள். நான் முழித்துக்கொண்டு கிடப்பதைக் கண்டபிறகுதான் அவளுக்குக் கட்டில் எது என்று தெரிந்தது. அந்த முகத்தைப் பற்றி எழுத என்னால் ஏலாது. கிண்ணியாக்காரி போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். கரியரை யாரோ என் அலுமாரியின் மேல் வைத்தார்கள். அதிலிருந்து மீன் சொதி மணந்துகொண்டே இருந்தது.

விளக்குப் போட்டபோது என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்காகக் கேட்க இனி ஒன்றும் இல்லை. எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. அவர்களை ஆண்டவரின் கையில் விட்டாயிற்று, அவ்வளவுதான். கண்ணை மூடிச் சும்மா கிடந்தேன். “சொல்லியாச்சு” என்று சொல்லவும் ஆள் இல்லை.

எனக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை இருமலும் வந்தது, மூச்செடுக்கையில் விலாவில் குத்தியது. டாக்டரின் பேச்சுச் சுருங்கிவிட்டது. கட்டி திரும்ப நிறைந்து மேலே, நெஞ்சுப் பக்கமாக ஏறுகிறது. உடனே திரும்ப இழுக்க வேண்டும். சரிவராவிட்டால் வெட்டித் திறக்க வேண்டும், ஆகவே சத்திரசிகிச்சை அறைக்குள் வைத்துச் செய்வோம் என்றார். என் கணவருக்கு வேலைத்தலத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வருவதற்கு முன்பே என்னைத் தள்ளுகட்டிலில் ஏற்றிவிட்டார்கள்.

அறைக்கு வெளியே நடைபாதையில் சுவரோரம் நிறுத்திவிட்டு உள்ளே ஆயத்தம் பண்ணப் போனார்கள். நல்ல பகல் வெளிச்சம். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. சுவரில் பச்சைச் சாயம் உரிந்திருந்தது. நான் ஜெபிக்கத் தொடங்கினேன். சின்ன வயது முதல் ஜெபித்து வந்தவள், பெண்கள் சங்கத்தில் பிறருக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தவள்; எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. “ஆண்டவரே” என்றேன். அந்தச் சொல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. அப்போது நான் வாய்விட்டுச் சொன்னேன்: “பிலோ, எனக்காகக் கேளும்.”

யோசித்துச் சொன்னதல்ல. பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவளிடம் தண்ணீர்ப் போத்தலை எட்டித் தரச் சொல்வது போலச் சொன்னேன். சொன்னதும் மனம் அடங்கியது. அடங்கிய அடுத்த நிமிடமே பெரிய பயம் பிடித்தது. சாவுப் பயம் அல்ல. ஆண்டவரை மிகவும் தேட வேண்டிய நேரத்தில் செத்துப்போன ஒரு பெண்ணிடம் பேசிவிட்டேனே என்ற பயம். அந்தப் பயத்தோடுதான் உள்ளே போனேன்.

வெட்ட வேண்டி வரவில்லை. ஊசியிலேயே கட்டி முழுக்க வந்துவிட்டது. ஒரு பெரிய ஏனம் நிறைய என்று மிஸ்ஸி பிறகு சொன்னாள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. தோள் நோவு எப்போது போனது என்றே தெரியாமல் போய்விட்டது. வாட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். என் கணவர் கட்டிலின் அருகே முழந்தாளில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னார். சபையின் ஜெபத்தைக் கேட்டீரே என்று அவர் சொன்னபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாருடைய ஜெபம் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரியாது. மருந்தும் டாக்டரின் கையும் இருந்தன என்பது தெரியும். அதே டாக்டரின் கை பிலோமினாவுக்கும் பாடுபட்டது என்பதும் தெரியும்.

அந்தக் கிழமை லூர்தம்மா வந்தாள். கறுப்புச் சீலை. மகளைப் பார்த்த மிஸ்ஸிமாருக்கு நன்றி சொல்ல வந்தவள், அந்தக் கட்டிலில் வேறொரு பெண் கிடப்பதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் கணவர் எழுந்து கதிரையைக் கொடுத்தார். அவள் இருக்கவில்லை. அடக்கம் எப்படி நடந்தது, புதுச் சட்டையில் ஒன்றைத்தான் போட்டுவிட்டோம் என்றெல்லாம் சொன்னாள். நான் தப்பியதைக் கேள்விப்பட்டுச் சந்தோஷம் என்றாள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒவ்வொரு நாளும் உங்களுக்காகக் கேட்டவள்” என்றாள். “இப்பவும் கேப்பாள் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். அந்த நினைப்பிலதான் எழும்பித் திரியிறன். உங்கட ஆக்கள் அப்பிடி நம்புறேல்லை எண்டு தெரியும் பிள்ளை. ஆனா அவளோட கடைசியா இருந்தது நீங்கள். நீங்கள் சொல்லுங்கோ. என்ர பிள்ளை இப்பவும் கேக்கிறாளோ?”

என் கணவர் இந்தப் பக்கம் நின்றார். எங்களுக்குத் தெரியாது அம்மா, ஆண்டவர் அறிவார் என்று நான் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் அல்ல. அவருக்கும் அது சரியாகப் பட்டிருக்கும்.

“ஓம்” என்றேன். “என்னை உள்ளுக்குக் கொண்டுபோக முந்தி நான் அவளிட்டக் கேட்டனான்.”

லூர்தம்மா போர்வைக்கு மேலால் என் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் கணவருக்குத் தலையசைத்துவிட்டுப் போனாள். அவர் விறாந்தைக்குப் போய்விட்டார். அன்று ஜெபம் நடக்கவில்லை.

அடுத்த நாட்களிலும் கஞ்சி வந்தது, துவைத்த விரிப்பு வந்தது, என் தலையைச் சீவச் சொல்லி ரோஸையும் ஒருநாள் கூட்டி வந்தார். ஆனால் ஜெபம் சுருங்கிவிட்டது. இரண்டு வசனம், ஆமென். என்னை எழுப்பி நடக்கப் பழக்கிய நாளில், விறாந்தை வாங்கில், அந்த நீள மர இருக்கையில், இருவரும் இருந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

“நான் இருந்தனான். சபை இருந்தது. கர்த்தர் இருந்தார். ஏன், மலர், அவள்?”

கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் குரலில் இருந்தது நோவு. அவள் எனக்குச் சற்று முன்னால் அந்த வழியால் போனவள், வேறு யாரையும் எனக்கு அங்கே தெரியாது என்றேன். அவருக்கு அது விளங்கியது என்றே நினைக்கிறேன். ஆனாலும் தலையை ஆட்டினார். பிறகு பிரசங்கத்தில் பேசுகிற அதே நிதானத்தோடு சொல்லத் தொடங்கினார். எங்கும் இருந்து எல்லாருடைய குரலையும் கேட்கிற காது ஒருவருக்குத்தான் உண்டு. அந்தக் காதை ஒரு மனுஷிக்குக் கொடுத்தால் அவளைக் கடவுளாக்குகிறோம். எங்கள் முன்னோர் அந்தப் பழக்கத்தை விட்டது இறந்தவர்களை வெறுத்து அல்ல; கடவுள் கடுகடுத்தவர், அவரிடம் போக ஆள் பிடிக்க வேண்டும் என்று சனங்கள் பயந்து போனதால். பிதா தன் பிள்ளையின் குரலைக் கேட்கச் சிபாரிசு எதற்கு?

நான் ஞாயிறுதோறும் சொல்லுகிற விசுவாசப் பிரமாணத்தை எடுத்தேன். பரிசுத்தவான்களின் ஐக்கியத்தை நம்புகிறோம் என்று எழும்பி நின்று சொல்கிறோமே, அந்த ஐக்கியம் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு முடிகிறதா என்று கேட்டேன். முடியவில்லை என்றார், கிறிஸ்துவுக்குள் அவர்களும் நாங்களும் ஒரே உடல்தான். ஆனால் அது அவர்களோடு கதைக்கக் கிடைத்த உத்தரவு அல்ல என்றார்.

பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: “நாளைக்குச் சபையில சாட்சி சொல்லச் சொன்னா, ஆருக்கு நன்றி சொல்லப்போறீர்?”

ஆண்டவருக்குத்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். அது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னால் பிலோமினாவை நடைபாதையில் தனிய விட்டுவிட்டு வருவது போல இருந்தது. அவளையும் சேர்த்துச் சொன்னால் அவர் பயப்படுகிற இடத்துக்கே நான் போய்விட்டேன் என்று ஆகிவிடும். இரண்டு பேரும் அந்த வாங்கிலேயே இருந்தோம். மணி அடித்தது. அவர் என்னைக் கட்டிலுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனார்.

எழும்பி நடக்கப் பெலன் வந்ததும் ஆஸ்பத்திரி டிக்கட்டை வெட்டி, பெயரை நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சக் கிருமிக்குக் குளிசை தந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்றார்கள். இதை வாசிக்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். வயிற்றுளைவு வந்து நின்றபிறகு காய்ச்சல் விடாமல் இருந்தால், நோவு எங்கே இருந்தாலும் டாக்டரிடம் வயிற்றுளைவைப் பற்றிச் சொல்லுங்கள். என் தோளுக்கு எண்ணெய் தடவியதில் போன நாட்கள் வீண் நாட்கள்.

வீட்டில் சமைக்கிற குசினிவரைக்கும் நடந்து போவதே எனக்குப் பெரிய பயணமாக இருந்தது. ரோஸ் ஒரு வேலையும் செய்ய விடவில்லை. முதல் பின்னேரம் மூன்று பேரும் மண்டபத்தில் ஜெபத்துக்கு இருந்தோம். என் கணவர் வழக்கம்போலச் சபையில் நோய் வருத்தமாக இருக்கிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தார். வீட்டுக்கு என்னைத் திருப்பித் தந்ததற்கு நன்றி சொன்னார். முடிந்தது என்று நினைத்து ரோஸ் ஆமென் சொல்ல ஆயத்தமானாள். அவர் முடிக்கவில்லை. அவர் மூச்சு எடுப்பது கேட்டது.

“எங்களுக்காக ஜெபித்த எல்லாருக்காகவும் உமக்கு நன்றி, ஆண்டவரே” என்றார். பிறகு, மிக மெதுவாக: “எங்களோடு இருக்கிறவர்களுக்காகவும். உம்மோடு இருக்கிறவர்களுக்காகவும்.”

ரோஸ் கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தாள். நான் ஆமென் சொன்னேன்.

சொல்லை நிறுத்துப் பேசுகிற அந்த மனிதர் எவ்வளவு தூரம் நடந்து வந்து அந்த ஒரு வசனத்தைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அவருடைய வழி அங்கே முடிகிறது. அதற்கு அப்பால் அவரால் வர ஏலாது. அவர் அவளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள். இரண்டும் ஒன்றல்ல. நான் செய்தது பிழையா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானம் இல்லை. சில பின்னேரங்களில் திரும்பவும் கூப்பிட வாய் வருகிறது. சில நாள் அடக்குகிறேன். சில நாள் அடக்கவில்லை.

ரோஸ் எழும்பிக் குசினிக்குப் போனபிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

“இவ்வளவும் காணுமோ, மலர்?” என்று கேட்டார்.

போதும் என்றேன். போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கையை நீட்டி என் கையை எடுத்துக்கொண்டார்.